வாழை மரங்களுக்கு ஒரு கச்சேரி

ரேவா எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்கு முன்னாலேயே அவளுடைய கச்சேரி வந்து சேர்ந்துவிட்டது. நல்லாம்படுகைக்கு வெளியே, பைபாஸ் ரோட்டை ஒட்டி, மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையை இடித்துச் சமப்படுத்திய மைதானத்தில், மேடைக்கான இரும்புக் குழாய்கள்கூட இன்னும் லாரியிலிருந்து இறங்காத ஒரு சாயங்காலம், வீடுகளில் விளக்கு வைக்கிற நேரத்தில், முதலில் டிரம்ஸ் எழுந்தது, பிறகு கிடார், பிறகு பெருங்கூட்டம் ஒன்றாக மூச்சை இழுத்து ஓவென்று விடுகிற இரைச்சல், அதற்கும் மேலே ஏறி நின்றது ரேவாவின் குரல். போய்ப் பார்த்தால் புல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை.

அந்த வருஷம் ரேவாவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. அவளுடைய 'பித்தளைப் பறவை' ஆல்பம் ஆட்டோவில் பாடியது, கல்யாண மண்டபத்தில் பாடியது, ஆடித் திருவிழாவில் அம்மன் பாட்டுக்கு நடுவிலும் நுழைந்து பாடியது. அந்த ஆல்பத்துக்காக அவள் ஊர் ஊராகப் பெரிய அரங்குகளில் பாடிக்கொண்டு வந்தாள். பக்கத்து நகரத்து ஸ்டேடியத்தில் அனுமதி கிடைக்காமல் போனதால்தான் எங்கள் ஊருக்கு இந்த யோகம் அடித்தது. மேடை போட வந்த குழுவுக்குத் தலைவர் டேனியல் என்ற சென்னைக்காரர், காதை வைத்தே வயிறு வளர்ப்பவர், அன்று சாயங்காலம் மைதானத்தின் நடுவில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டு நகராட்சித் தலைவரிடம், "சவுண்ட் சிஸ்டமே இன்னும் வந்து சேரல சார். அதுக்குள்ள பேஸ் இவ்வளவு சுத்தமா விழுது. அருமையான கிரவுண்டு," என்று கை குலுக்கினார்.

மறுநாள் ஊரே பாயும் தண்ணீர் பாட்டிலுமாக மைதானத்துக்குக் கிளம்பிவிட்டது. ஓசியில் கிடைக்கிற கச்சேரியை விட்டுவைக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. பஜ்ஜிக் கடை வந்தது, பலூன்காரர் வந்தார், சுண்டல் வண்டிக்காரர்களுக்குள் இடத்தகராறு வந்தது. நாலைந்து சாயங்காலங்கள் கேட்டுப் பழகிய பிறகு, கூட்டத்தின் இரைச்சலுக்குள் இருந்து ஒவ்வொருவராகத் தங்கள் குரலைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். சலூன் வைத்திருக்கும் முருகையன் தன் விசில் கேட்கிறது என்றார். நகராட்சித் தலைவரின் மனைவி, வீட்டில் வாயே திறக்காதவர், இரண்டாவது பாட்டில் தொண்டை கிழியப் பாடுவதைத் தலைவரே கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குரலைக் கண்டுபிடித்தவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்கினார்கள். குரல் முன்னாலேயே போய் நிற்கும்போது ஆள் போகாமல் இருப்பது மரியாதை இல்லை என்பது ஊரின் எண்ணம்.

ஒன்பதாவது பாட்டு வரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான். 'இன்னும் கிட்ட' என்ற அந்தப் பாட்டில்தான், ரேவா 'இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட' என்று பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போகும்போது, கூட்டத்தின் சத்தம் மெல்ல மெல்ல நெருங்கி, நசுங்கி, திடீரென்று ஒரு பெண்பிள்ளையின் குரல் 'அம்மா' என்று அலறும், அதைத் தொட்டு நூறு குரல், ஆயிரம் குரல் அலறும், பாட்டு அறுந்துபோகும். அதற்குப் பிறகு ஒரு நிசப்தம். கோரையில் தவளை கத்துவது கேட்கும். ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் சாயங்காலம் மறுபடியும் வருவார்கள்.

அந்த முதல் அலறல் யாருடையது என்று தையல்நாயகிக்குத் தெரிந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் எந்த பஸ் எந்த நேரத்துக்கு எங்கே புறப்படும் என்று மைக்கில் சொல்கிறாளே, அவள்தான் தையல்நாயகி. முகத்தைப் பார்க்காதவர்களுக்கும் அவள் குரல் தெரியும். புருஷன் தோஹாவில் இருந்தான். வீட்டில் அவளும் ஒரே மகள் கனிஷ்காவும்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்த கனி, ரேவாவின் பாட்டு என்றால் சோற்றை மறந்துவிடுவாள். பெற்ற பிள்ளை அம்மா என்று கூப்பிடுவது எத்தனை ஆயிரம் பேர் நடுவிலும் பெற்றவளுக்குத் தெரியும். தையல்நாயகி அன்று மைதானத்தில் இருந்து நடந்து வரும்போது மகளின் மணிக்கட்டை விடவே இல்லை.

"நீ போகக்கூடாது கனி."

"முன்வரிசை டிக்கெட்டும்மா. கிடைச்சதே பெரிய விஷயம்."

"காது இருக்கில்ல உனக்கு? உன் குரல்டி அது. தினம் தினம் கேட்டுக்கிட்டு வர்றேன், எனக்கு ஈரக்குலை நடுங்குது."

கனி சிரித்தாள். அந்தச் சிரிப்பு தையல்நாயகிக்குப் பிடிக்கவில்லை. "ஐயோ அம்மா, அந்தப் பாட்டே அப்படித்தான். ஒவ்வொரு தடவை 'இன்னும் கிட்ட'ன்னு பாடும்போதும் நாங்க எல்லாரும் ஒரு அடி முன்னால வைப்போம். அது வழக்கம். ரேவா கண்ணை மூடிக்கிட்டுதான் பாடுவாங்க, அவங்க காதுல மாட்டியிருக்கிற கருவியில ஒண்ண மட்டும் கழட்டிடுவாங்க, எங்களைக் கேக்கறதுக்காக. நெருக்கம் தாங்காம யாராவது கத்துவாங்க பாரு, அங்கதான் பாட்டை நிறுத்துவாங்க. அந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாதும்மா. நாங்க கத்துறதுதான் முடிவு."

"அப்புறம் ஏன் ஒரு சத்தமும் இல்ல?"

"அப்புறம் எல்லாரையும் தரையில உக்கார வெச்சு, மைக் இல்லாம ஒரு பாட்டு பாடுவாங்க. அது எப்படி நீ உக்காந்திருக்கிற இடம் வரைக்கும் கேக்கும்?"

இதையே ஊரில் இருந்த எல்லா இளசுகளும் தங்கள் தங்கள் வீட்டில் சொன்னார்கள், செல்போனில் வீடியோ போட்டும் காட்டினார்கள். ஆனால் விளையாட்டுக்குக் கத்துகிறவர்கள் யாரும் அப்படி அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள் என்று பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். அந்த அலறலில் விளையாட்டு இல்லை என்பதும் உண்மைதான். அது நிஜமாகவே பயந்த அலறல்.

பயந்தால் எங்கள் ஊர் போய் நிற்கிற இடம் வைத்தியலிங்கத்தின் திருமணத் தகவல் மையம். ஜாதகத்தில் இருதார தோஷம் உள்ள எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு அவர் முதலில் வாழை மரத்தோடு கல்யாணம் செய்துவைத்து, தாலி கட்டிய கையோடு மரத்தை வெட்டிப் போட்டு, தோஷத்தை அதன் தலையில் இறக்கி, பிறகு பெண்ணோடு வாழ அனுப்பியிருக்கிறார். அவர்கள் எல்லாம் இன்றைக்கும் பிள்ளை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். மைதானத்து அலறலைக் கடைசிவரை கேட்ட வைத்தியலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இது கச்சேரிக்கு உள்ள தோஷம். முதல் கச்சேரியை வாழைக்கு நடத்திட்டா போச்சு. வர்றது அதுக்கு வந்துட்டுப் போகட்டும். நம்ம புள்ளைங்க பார்க்கிறது ரெண்டாவது கச்சேரி," என்றார். கேட்டவர்களுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

படுகையில் இருந்த வாழைத் தோட்டம் எல்லாம் மொட்டையானது. பரிகாரம் செய்யாமல் மகனையோ மகளையோ கச்சேரிக்கு அனுப்புவதில்லை என்று வீட்டுக்கு வீடு தீர்மானம் ஆகிவிட்டதால், பள்ளிவாசல் தெருவிலிருந்தும் சர்ச் தெருவிலிருந்தும்கூட மரங்கள் வந்தன. வெளியூர் ரசிகர்கள் வேன் பிடித்து மரத்தோடு வந்தார்கள். பந்தோபஸ்துக்குப் போகவேண்டிய போலீஸ்காரர்களுக்கு ஸ்டேஷனிலேயே மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்கள். கச்சேரிக்குப் போகாதவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று தங்களுக்கும் ஒன்று வாங்கினார்கள். தையல்நாயகி வேலை முடிந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு மரம்தான் மிஞ்சியிருந்தது. தனக்கு இல்லாவிட்டாலும் போகட்டும், மகளுக்கு என்று அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பரிகாரத்தன்று காலையில், மேடைக்கு முன்னால் ரசிகர்கள் நிற்கவேண்டிய இடம் முழுக்க வாழை நட்டார்கள். முன்வரிசை டிக்கெட்காரர்களின் மரம் முன்வரிசையில், பின்வரிசைக்காரர்களுடையது பின்வரிசையில்; பரிகாரத்திலும் சீட்டு மாறி உட்கார ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை என்றால் தாலி கட்டலாம், ரசிகன் வாழைக்கு என்னத்தைக் கொடுப்பது என்று கேள்வி வந்தபோது வைத்தியலிங்கம் யோசிக்கவே இல்லை. "சாயங்காலம் இங்க கேக்கிறது என்ன, உங்க குரல்தானே? அப்ப அதையே குடுங்க. எப்படிக் கேட்டுச்சோ அப்படியே மரத்துல வாய் வெச்சுக் கத்துங்க."

கத்தினார்கள். அந்த மைதானம் அப்படி ஒரு சத்தத்தை, வருவதற்கு முன்னால் வந்த கச்சேரிகளில்கூட, கேட்டதில்லை. வாழைப் பட்டைகள் அதிர்ந்தன, ஆடுகள் பைபாஸ் ரோட்டைத் தாண்டி ஓடின. கனி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இது ரொம்ப அசிங்கமா இருக்கும்மா."

"கத்தினா டிக்கெட், கத்தாட்டி வீடு. நீயே பார்த்துக்க."

கனி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மரத்தைக் கட்டிப்பிடித்து, கோபம் பாதி அழுகை பாதியாக, 'அம்மா' என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அது சாயங்காலம் கேட்கிற அதே அலறல்தான், அச்சு அசல். சரியான மருந்து சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்று தையல்நாயகி நினைத்தாள்.

டேனியலின் ஒலிபெருக்கியில் ஒன்பதாவது பாட்டைப் போட்டார்கள். அலறல் வருகிற இடம் வந்ததும் வைத்தியலிங்கம் துண்டை வீச, ஊர் மொத்தமும் அரிவாளை இறக்கியது. கனி அரிவாளைத் தொட மறுத்துவிட்டதால் அவளுடைய மரத்தைத் தையல்நாயகியே வெட்டினாள். ஒரே வெட்டு, குளிர்ந்த தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டியது. மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து விழுகிற சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. அன்று சாயங்காலம் ஜனங்கள் மைதானத்தைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரம்ஸ் இல்லை, கிடார் இல்லை, ஒன்றும் இல்லை. வைத்தியலிங்கத்துக்கு மாலை போட்டார்கள்.

மறுநாள் மீன் வண்டிக்காரர் தெருவில் வந்தபோது அவர் வாய் திறந்திருந்தது, மீன் என்ற சத்தம் மட்டும் வரவில்லை. பேச முடிந்தது, விலை சொல்ல முடிந்தது, எட்டிக் கூப்பிடத்தான் முடியவில்லை. அப்படித்தான் எல்லோருக்கும் ஆகியிருந்தது. கண்டக்டர்கள் விசிலோடு நிறுத்திக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் நடந்து முடிந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் ஓடுகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது, ஆசிரியர்கள் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி கண்டதில்லை என்றார்கள். கோவிலில் சொன்ன அரோகரா ஒரு பெருமூச்சு மாதிரி மேலே போனது. தோஷம் தொண்டை வழியாக இறங்கியிருக்கிறது, நல்ல அறிகுறி என்றார் வைத்தியலிங்கம். ஊருக்கு இப்போதுதான் நாகரிகம் வந்திருக்கிறது என்றார் நகராட்சித் தலைவர், மனைவியைப் பார்த்துக்கொண்டே. ஒருவரும் கவலைப்படவில்லை. கத்துவதற்கு என்று ஒரு குரல் தனியாகத் தேவைப்படும் என்பதே ஊருக்கு மறந்துபோனது.

கனிக்கு ஒருநாள் தோசை வார்க்கும்போது கையில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்ற தையல்நாயகி பார்த்தாள்: மகளின் வாய் அகலத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வெறும் காற்று வந்தது. காயத்துக்குத் தேன் தடவிவிடும்போது கனி சொன்னாள், "அம்மா, எனக்குக் கத்த வரல. யாருக்குமே வரல. காலேஜ்ல எல்லாருக்கும் ஒரு மாதிரி பயமா இருக்கு. கச்சேரி அன்னைக்கு எப்படிக் கத்துவோம்?"

"கத்தாம இருந்தா இப்ப என்ன கெட்டுப்போச்சு? நான் பயந்ததே அந்தக் கத்தலுக்குத்தான். அது இல்லேன்னு ஆயிடுச்சு, எனக்கு நிம்மதி. கையைக் காட்டு."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தத் திறந்த வாய் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

கச்சேரியன்று, டிக்கெட்டோடு சேர்த்து, பரிகாரம் முடித்ததற்கு அடையாளமாகக் கையில் வாழைநார் கட்டியவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். பரிகாரம் செய்யாத ஒருவன் உள்ளே நுழைந்து தன் தோஷத்தைப் பொதுவில் இறக்கிவிடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டார்கள். ஊரில் டிக்கெட் வாங்கத் தயங்கிய வீடுகள்கூட, இனி பயமில்லை என்று பிள்ளைகளை அனுப்பின. கனி முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல்நாயகி வேலையிலிருந்து நேராக வந்து, மைதானத்து வேலிக்கு வெளியே, மற்ற அம்மா அப்பாக்களோடு நின்றாள். நார் கட்டாத கை அங்கே அவளுடையது ஒன்றுதான்.

ரேவா வந்தாள், பாடினாள். ஜனம் கைதட்டியது, பூமி அதிரக் காலைத் தட்டியது, செல்போன் விளக்குகளைத் தூக்கிப் பிடித்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் டேனியலிடம், "ஏன் கூட்டம் டல்லா இருக்கு?" என்று கேட்டாளாம். "டல்லா? தரை ஆடுது மேடம், கால்ல தெரியலியா?" என்றாராம் அவர். அவளும் சரி என்று தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனாள்.

ஒன்பதாவது பாட்டு ஆரம்பித்ததும் அவள் ஒரு காதிலிருந்த கருவியைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டாள், கண்ணை மூடினாள், 'இன்னும் கிட்ட' என்றாள். கூட்டம் ஒரு அடி வைத்தது. 'இன்னும் கிட்ட' என்றாள். இன்னொரு அடி. வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம், அலறல் எந்த இடத்தில் வரும் என்று தூக்கத்திலும் சொல்வார்கள், அதனால் அந்த இடம் நெருங்க நெருங்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இடம் வந்தது. அலறல் வரவில்லை. பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

"தாண்டிடுச்சு!" என்றார் முருகையன், கண்ணில் தண்ணீரோடு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். பெண்கள் வைத்தியலிங்கம் நின்ற திக்கைப் பார்த்துக் கும்பிட்டார்கள். தையல்நாயகியும் கும்பிட்டாள்.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. 'இன்னும் கிட்ட' என்றாள் ரேவா, பின்வரிசை நடுவரிசைக்குள் போனது. 'இன்னும் கிட்ட' என்றாள், நடுவரிசை முன்வரிசைக்குள் போனது. மேடை விளக்கு கூட்டத்தின் மேல் அடித்துத் திரும்பியபோது, அத்தனை முகமும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்திருப்பது தெரிந்தது, எவ்வளவு ஆசையாகக் கூடவே பாடுகிறார்கள் பார் என்று வேலிக்கு வெளியே ஒரு அப்பா சொன்னார். 'இன்னும் கிட்ட' என்றாள், கண்ணைத் திறக்கவில்லை, கழற்றிய காதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, இன்னும் வரவில்லையே என்பதுபோல் காத்திருந்து, மறுபடியும் பாடினாள், மறுபடியும் ஒரு அடி, மறுபடியும் திறந்த வாய்கள். விளக்கு இன்னொரு தடவை சுற்றி வந்தபோது தையல்நாயகி கழுத்து நரம்புகளைப் பார்த்தாள். அவை பாடுகிறவர்களின் கழுத்து இல்லை. எண்ணெய் தெறித்த அன்று தன் வீட்டு அடுப்படியில் பார்த்த கழுத்து.

நாங்க கத்துறதுதான் முடிவு என்று மகள் சொன்னது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பக்கத்தில் நின்றவர்களை உலுக்கி, "கத்துங்க! நிறுத்தச் சொல்லிக் கத்துங்க!" என்றாள். அவர்கள் முயன்றார்கள். காற்றுதான் வந்தது.

வருஷக்கணக்காக மைக்கில் பேசியே பழகிய அவள் கடைசியாக எப்போது கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இருந்த அத்தனையையும் திரட்டி, "நிறுத்துடி பாவி! புள்ளைங்க சாகுதுடி!" என்று கத்தினாள். பேருந்து நிலையத்தில் கேட்டுப் பழகிய அந்தக் குரல், ஊரில் மிச்சமிருந்த ஒரே ஒரு பெரிய குரல், மைதானத்தைக் குறுக்காகக் கடந்து மேடையில் போய் விழுந்தது. ரேவா கண்ணைத் திறந்தாள். பாட்டு அறுந்தது. அவள் பார்த்துவிட்டு, மைக்கை நழுவவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிசப்தம் வந்தது. தவளை கத்துவது கேட்டது.

தையல்நாயகி வேலியில் ஏறினாள். சேலை கிழிந்தது, உள்ளங்கை கிழிந்தது, உள்ளே குதித்து, "கனி! கனீ!" என்று கூப்பிட்டுக்கொண்டே கூட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஓடினாள். தப்பி வெளியே வந்தவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒருத்தி அவள் காதருகே வந்து, "அக்கா, முன்னால, கம்பிகிட்ட, அடியில நிறையப் பேரு," என்று கிசுகிசுத்தாள். முன்னால் போனாள். ஆளுக்கு மேல் ஆளாகக் கிடந்தார்கள். எந்தக் கையை இழுப்பது, எந்தப் பக்கம் தோண்டுவது என்று தெரியவில்லை. சில கைகள் அசைந்தன, சில அசையவில்லை, எல்லாக் கையிலும் வாழைநார் இருந்தது.

"கனி, அம்மா வந்துட்டேண்டி! எங்கடி இருக்க? ஒரு குரல் குடு!"

கேட்டுவிட்டு நின்றாள். உள்ளே எங்கேயோ மகள் உயிரோடு இருக்கலாம், அம்மா கூப்பிடுவது காதில் விழுந்துகொண்டும் இருக்கலாம். ஆனால் இங்கே இருக்கிறேன் என்று அவளால் ஒரு குரல் கொடுக்க முடியாது. அந்தக் குரலை மரத்தோடு வெட்டிப் போட்டது தன் கைதான் என்று தையல்நாயகிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு தடவை கூப்பிட்ட பிறகும் காதைக் கொடுத்துக் காத்துக்கொண்டு.